சிறுவர் கைக்குப் புகையிலை போகாமல் தடுக்க: லாபநோக்கற்ற அமைப்புகள் செய்யும் வேலை என்ன?

பிள்ளைகளைப் புகையிலையிலிருந்து காப்பது என்றதும் பலருக்கும் மனதில் வருவது பள்ளி மேடைப் பேச்சு, ஓவியப் போட்டி, எல்லோரும் சேர்ந்து எடுக்கும் உறுதிமொழி. இவை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினான்கு வயதில் ஒருவர் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் வேறு இடங்களில் முடிவாகிறது. ஒரு பாக்கெட் என்ன விலை, கடைக்காரர் வயது கேட்பாரா, கல்லாவுக்குப் பின்னால் எந்த அலமாரி கண்ணில் படுகிறது, உள்ளே இருப்பது பழச்சுவையா புதினாச் சுவையா, கூடப் படிக்கும் மூத்த மாணவர் அதைச் சட்டப்படி வாங்கிக் கொடுக்க முடியுமா. இதில் எதையும் மாற்றும் அதிகாரம் பிள்ளையிடம் இல்லை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும்கூட இல்லை. சட்டம் இயற்றுகிறவர்களிடமும் வரி விதிக்கிறவர்களிடமும்தான் இருக்கிறது.

அவர்களை நகர்த்துவதையே முழுநேர வேலையாகக் கொண்ட அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆதாரம் திரட்டுவார்கள், சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்வார்கள், தேவைப்பட்டால் நீதிமன்றம் போவார்கள், இளைஞர்களைப் பொதுவில் பேசப் பழக்குவார்கள். இந்த வேலையைத்தான் அட்வகசி என்கிறோம். பிரிட்டனில் 1971-ல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி தொடங்கிவைத்த ‘ஆஷ்’, அமெரிக்காவில் 1990-களின் நடுவில் பிறந்த ‘கேம்பெய்ன் ஃபார் டொபாக்கோ ஃப்ரீ கிட்ஸ்’, 1999-ல் வேறொரு பெயரில் தொடங்கி இன்று ‘ட்ரூத் இனிஷியேட்டிவ்’ என்று அறியப்படும் அமைப்பு ஆகியவை இத்துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

ஏன் இளம் வயதையே குறிவைக்க வேண்டும்?

அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் இருக்கிறது. தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முதல் சிகரெட்டை 18 வயதுக்குள் தொட்டவர்கள். 26 வயதைத் தாண்டினால் கிட்டத்தட்ட யாருமே புதிதாகத் தொடங்குவதில்லை. அதாவது அந்த இளம் பருவத்தை ஒருவர் தப்பித்துக் கடந்துவிட்டால் அவர் வாழ்நாள் முழுக்கத் தப்பித்ததற்குச் சமம்.

இதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. மனித மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. உள்ளிழுத்த புகையிலிருந்து நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மூளையில் அது ஆழமாகத் தடம் பதித்துவிடுகிறது. பெரியவர்களைவிடக் குறைந்த அளவிலேயே, குறைந்த காலத்திலேயே சிறுவர்கள் அடிமையாகிறார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று தொடங்கியவர் ‘எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன்’ என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி இறுகிவிடுகிறது.

நம்மைவிட முன்பே இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் சிகரெட் நிறுவனத்தார். பிலிப் மாரிஸ் நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று, இன்றைய பதின்வயதினரே நாளைய நிரந்தர வாடிக்கையாளராகக் கூடியவர் என்று எழுதுகிறது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984-ஆம் ஆண்டு ஆவணம், விட்டுப்போனவர்களின் இடத்தை நிரப்ப இளம் புகைப்பாளர்களை விட்டால் வேறு ஆதாரமே இல்லை என்கிறது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு குரூரமான கணக்கு இருக்கிறது. தன்னைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப்பேர் வரை கொல்லும் பொருள் அது. வாடிக்கையாளர்கள் இறந்துகொண்டே இருக்க, விற்பனை நிலைக்க வேண்டுமென்றால் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் புதிதாகத் தொடங்குவதில்லை என்றால், மிச்சம் யார்?

இந்தக் குறிப்புகள் தாமாக வெளியே வந்துவிடவில்லை. 1990-களில் அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்குகள், குறிப்பாக மினசோட்டா மாநிலத்தின் வழக்கு, நிறுவனங்களின் அலமாரிகளைத் திறக்க வைத்தன. 1998-ல் 46 மாநிலங்களோடு பெரிய சிகரெட் நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர வேண்டியதாயிற்று. கார்ட்டூன் பாத்திரங்களைக் கொண்டு விளம்பரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் சேர்ந்தது. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட உள்ஆவணங்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகம் நடத்தும் இணைய ஆவணக் காப்பகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. இந்தத் துறைக்கு வர நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, அங்கே போய் ஒரு மாலைப்பொழுது செலவிடுங்கள் என்பதுதான். எதிர்த்தரப்பின் சொந்த எழுத்தைவிட வலுவான சாட்சி வேறில்லை.

கார்ட்டூன் நிபந்தனைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ‘ஜோ கேமல்’ என்ற ஒட்டகப் பாத்திரத்தை வைத்து 1988 முதல் அமெரிக்காவில் ஒரு சிகரெட் விளம்பரமானது. 1991-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் கொடுத்து, எது எதோடு சேரும் என்று கேட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் 91 சதவீதம் பேர் ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகச் சேர்த்தார்கள். டிஸ்னி தொலைக்காட்சியின் மிக்கி மவுஸ் சின்னத்தை அடையாளம் கண்டவர்களின் அளவுக்கே அது இருந்தது. மருத்துவர் சங்கங்களும் நலவாழ்வு அமைப்புகளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1997-ல் ஒட்டகம் விளம்பரத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆறு ஆண்டு பிடித்தது என்பதையும் கவனியுங்கள்.

என்ன கேட்கிறார்கள்?

பல கோரிக்கைகள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. என் கணிப்பில் முதலிடம் விலைக்கே. வரியை ஏற்றி விலையைப் பத்து சதவீதம் உயர்த்தினால், பணக்கார நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 4 சதவீதமும் மற்ற நாடுகளில் 5 சதவீதமும் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. சிறுவர்களிடம் இந்த விளைவு இன்னும் கூடுதல், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான். பழக்கமும் இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. வரி ஏறினால் கள்ளக்கடத்தல் பெருகும் என்ற வாதத்தை நிறுவனங்கள் எல்லா நாட்டிலும் வைக்கின்றன. கடத்தலைத் தடுப்பது எல்லைக் காவலையும் கண்காணிப்பையும் பொறுத்த விஷயம். அதைக் காட்டி விலையை மலிவாகவே வைத்திருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது சுவை. புகையிலையின் இயல்பான காரம் தொண்டையை உறுத்தும். புதிதாகத் தொடங்குபவரை அந்த உறுத்தலே பல நேரம் நிறுத்திவிடும். பழச்சுவையும், புதினாவின் குளிர்ச்சியைத் தரும் மென்தாலும் அந்தத் தடையை எடுத்துவிடுகின்றன. அமெரிக்கா 2009-ல் சிகரெட்டில் மென்தால் தவிர்த்த மற்றச் சுவைகளைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதத்தில் மென்தால் சிகரெட்டையும் நிறுத்தியது.

விளம்பரத் தடை, கடையில் பாக்கெட்டுகளை வெளியே தெரியாமல் வைப்பது, 2012-ல் ஆஸ்திரேலியா தொடங்கிவைத்த அலங்காரமில்லாத பாக்கெட், பொது இடங்களில் புகைக்கத் தடை ஆகியவை மற்ற கோரிக்கைகள். இவற்றில் பலவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது 2005 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாட்டில் வேலை செய்யும் சிறு அமைப்புக்கு அது பெரிய பலம். ‘எங்கள் ஆசை இது’ என்று சொல்லாமல், ‘நீங்கள் கையெழுத்திட்டது இது’ என்று அரசிடம் காட்டலாம்.

ஓர் ஊரிலிருந்து ஒரு நாட்டுக்கு

வாங்கும் வயதை 21 ஆக்கிய கதை, இந்த வேலை எப்படி நகர்கிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நீதம் என்ற சிற்றூர், 2005-ல் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக்கியது. சுற்றியிருந்த ஊர்களில் 18 ஆகவே இருந்தது. பக்கத்து ஊருக்குப் போய் வாங்கிக்கொள்வார்களே, ஒரு சின்ன ஊர் இதைச் செய்து என்ன பயன் என்று யாருக்கும் தோன்றும்.

பின்னர் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 2006-க்கும் 2010-க்கும் இடையில் நீதத்தின் உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே கடந்த 30 நாட்களில் புகைத்தவர்களின் பங்கு சுமார் 13 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்திருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் அது 15-லிருந்து 12-க்கு மட்டுமே இறங்கியிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பதினைந்து வயது மாணவர் பெரும்பாலும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. பதினெட்டு முடிந்த கூட்டாளி வாங்கிக் கொடுக்கிறார். அதே வளாகத்தில் படிக்கும் பதினெட்டு வயதுக்காரர்கள் நிறைய. இருபத்தொரு வயதுக்காரர் ஒருவர் பள்ளி நண்பர்கள் வட்டத்தில் இருப்பது அபூர்வம். வயதை மூன்று ஆண்டு தள்ளியதும் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

இந்த ஓர் ஊரின் எண்களைத் தூக்கிக்கொண்டு அமைப்புகள் அடுத்தடுத்த ஊர்களின் கதவைத் தட்டின. நியூயார்க் நகரம் 2013-ல் சட்டமாக்கியது. 2015-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று, நாடு முழுக்க 21 ஆக்கினால் 2000-க்கும் 2019-க்கும் இடையில் பிறந்தவர்களில் 2,23,000 அகால மரணங்கள் குறையும் என்று கணித்தது. 2016 தொடக்கத்தில் ஹவாய் மாநிலம், அதே ஆண்டில் கலிஃபோர்னியா. 2019 டிசம்பரில் அது நாட்டுச் சட்டமானது. இடையில் கழிந்தது பதினான்கு ஆண்டு.

கிட்டத்தில் பார்த்தால் இந்த வேலை எப்படி இருக்கும்?

கடைக் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இளைஞர் குழுக்களுக்கு முதலில் கற்றுத்தரும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. கையில் ஒரு படிவம், அளவு நாடா, பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள கடைகளின் பட்டியல். கடைக்காரரிடம் யார் என்ன என்று சொல்லி, இசைவு வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். புகையிலை விளம்பரம் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது? ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் அது எந்தப் பெரியவரின் கண்ணுக்காகவும் வைக்கப்பட்டதல்ல. மிட்டாய் டப்பாவுக்கும் மின்சிகரெட்டுக்கும் இடையே எத்தனை விரற்கடை? சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கிறார்களா? வயது கேட்கும் அறிவிப்பு இருக்கிறதா, இருந்தால் வேறு எதனாலாவது மறைந்திருக்கிறதா? எந்தப் பொருளுக்குத் தள்ளுபடி எழுதியிருக்கிறது?

கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது இதன் நோக்கமல்ல. பல இடங்களில் அந்த அலமாரியை எங்கே வைப்பது, எதை முன்னால் வைப்பது என்பதை நிறுவனமே பணம் கொடுத்துத் தீர்மானிக்கிறது. படிவங்களைத் திரட்டி ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால், பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எத்தனை கடை என்பது ஒரே பார்வையில் தெரியும். உள்ளாட்சி மன்றத்தில் பொதுமக்கள் பேச ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். புற்றுநோயைப் பற்றிய பொதுப் பேச்சு அந்த நேரத்தில் எடுபடாது. உறுப்பினர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆனால் தங்கள் தொகுதியின் வரைபடத்தை ஒரு பதினாறு வயதுப் பெண் விரித்துவைத்து, ‘நான் வீட்டுக்குப் போகும் வழி இது’ என்று சொல்லும்போது அதைத் தட்டிக்கழிப்பது கடினம். கடைசியில் என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ‘பள்ளிக்கு அருகில் புது உரிமம் தராதீர்கள்.’ அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் பேசும்போது

ஊடக விளம்பரங்களும் இவ்வமைப்புகளின் வேலையில் ஒரு பகுதி. இதில் கிடைத்த பாடம் முக்கியமானது. 1998-ல் பிலிப் மாரிஸ் நிறுவனமே ‘யோசி, புகைக்காதே’ என்ற பொருள்படும் ஒரு விளம்பரத் தொடரைச் சிறுவர்களுக்காக நடத்தியது. அதே காலகட்டத்தில், 2000-ல் ‘ட்ரூத் இனிஷியேட்டிவ்’ அமைப்பின் ‘ட்ரூத்’ என்ற தொடர் நாடெங்கும் வந்தது. அதில் அறிவுரை இருக்காது. ஒரு விளம்பரத்தில் இளைஞர்கள் நியூயார்க்கில் ஒரு சிகரெட் நிறுவனத் தலைமையகத்தின் வாசலில் பிணப்பைகளை வரிசையாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். மொத்தம் 1,200 பைகள். அமெரிக்காவில் புகையிலையால் ஒரு நாளில் இறந்தவர்களின் எண்ணிக்கை அது.

2002-ல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. ‘ட்ரூத்’ பார்த்தவர்களிடம் புகையிலைக்கு எதிரான மனப்பான்மை வலுத்திருந்தது. நிறுவனம் நடத்திய தொடரைப் பார்த்தவர்களிடமோ, புகைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் கூடியிருந்தது. ‘நீ சின்னப்பிள்ளை, உனக்கு இது வேண்டாம்’ என்று பதின்வயதினரிடம் சொன்னால், அது பெரியவர்களுக்கான பொருள் என்ற கவர்ச்சிதான் மிஞ்சும். ‘உன்னை ஏமாற்றிப் பணம் பண்ணுகிறார்கள், அவர்கள் எழுதிவைத்ததை நீயே படி’ என்றால் அவர்களின் நியாய உணர்ச்சியே அவர்களுக்குக் காவல் நிற்கிறது. 1999-க்கும் 2002-க்கும் இடையில் அமெரிக்க இளையோரின் புகைப்பழக்கம் குறைந்ததில் சுமார் 22 சதவீதத்துக்கு இந்தத் தொடர் காரணம் என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

வென்றதைக் காப்பது

சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ‘ட்ரூத்’ தொடர் முதலில் பிறந்தது ஃபுளோரிடா மாநிலத்தில், 1998-ல். சிகரெட் நிறுவனங்களோடு அந்த மாநிலம் தனியாகச் செய்த உடன்பாட்டில் கிடைத்த பணத்தில் அது நடந்தது. இரண்டே ஆண்டில் நடுநிலைப்பள்ளி மாணவரிடையே புகைப்பவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 ஆகக் குறைந்தார்கள். இதைவிடத் தெளிவான வெற்றி ஒரு அரசுத் திட்டத்துக்குக் கிடைப்பது அரிது. அப்படியும் அடுத்து வந்த ஆண்டுகளில் சட்டமன்றம் நிதியை வெட்டிக்கொண்டே வந்தது. புற்றுநோய், இதயநோய், நுரையீரல் நோய் சார்ந்த அமைப்புகள் சேர்ந்து கையெழுத்துத் திரட்டி, விஷயத்தை வாக்காளர்களிடமே கொண்டுபோயின. 2006-ல் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து, உடன்பாட்டுப் பணத்தில் ஒரு பகுதியைப் புகையிலைத் தடுப்புக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள்.

நியூசிலாந்தில் இந்த முயற்சி வேறு விதமாக முடிந்தது. 2009 முதல் பிறந்தவர்களுக்குப் புகையிலை விற்கவே கூடாது என்ற சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில், நடைமுறைக்கு வருமுன்பே, அது நீக்கப்பட்டது.

மின்சிகரெட் வந்தபோது எல்லாக் கணக்கும் புரண்டது. அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் 1997-ல் 36.4 சதவீதமாக இருந்த சிகரெட் பழக்கம் 2021-ல் 3.8 ஆகியிருந்தது. ஆனால் மின்சிகரெட் பழக்கம் 2017-ல் 11.7 சதவீதத்திலிருந்து 2019-ல் 27.5-க்குத் தாவியது. இவற்றைச் சந்தைக்கு விடுமுன் பரிசோதிக்க வேண்டிய அரசு அமைப்பு, நிறுவனங்கள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய கெடுவைப் பல ஆண்டு தள்ளிவைத்திருந்தது. 2018-ல் குழந்தைநல மருத்துவர்களும் நலவாழ்வு அமைப்புகளும் சேர்ந்து அந்த அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்துக் கெடுவை முன்னுக்கு இழுத்தது. ஏற்கெனவே சிக்கிக்கொண்ட இளைஞர்களுக்காக ‘ட்ரூத் இனிஷியேட்டிவ்’ 2019-ல் குறுஞ்செய்தி வழியாக உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 18 முதல் 24 வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வில், ஏழு மாதம் கழித்து அதைப் பயன்படுத்தியவர்களில் 24 சதவீதமும் மற்றவர்களில் 18.6 சதவீதமும் விட்டிருந்தார்கள். 2024-ல் உயர்நிலைப்பள்ளிகளில் மின்சிகரெட் பழக்கம் 7.8 சதவீதம். இன்னும் அது அதிகம்தான்.

யாரை நம்புவது?

ஓர் அமைப்போடு சேருமுன் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2017-ல் ‘புகையற்ற உலகம்’ என்ற பெயரோடு ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதற்கு ஆண்டுக்கு 8 கோடி டாலர் தர முன்வந்தது பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல். அதனோடு கூட்டுச் சேர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அரசுகளுக்கு வெளிப்படையாகச் சொன்னது. மேலே சொன்ன புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவே, சுகாதாரக் கொள்கை வகுப்பதில் புகையிலைத் தொழிலின் தலையீட்டைத் தடுக்கச் சொல்கிறது. நேர்மையான அமைப்புகள் தங்கள் நன்கொடையாளர் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் வெளியிடும், புகையிலைப் பணம் வாங்குவதில்லை என்று எழுத்திலேயே அறிவிக்கும்.

சட்ட எல்லைகளும் உண்டு. வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு ஒரு சட்ட முன்வரைவை ஆதரித்து எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் அளவோடு செய்யலாம், ஆனால் தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக் கூடாது. ஆய்வை வெளியிடுவது, கூட்டம் நடத்துவது, அரசின் வரைவு விதிக்குக் கருத்து எழுதி அனுப்புவது போன்றவற்றுக்கு அநேகமாக எங்கும் தடையில்லை.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கடைசி வழிதான் எளிது. அரசு ஒரு விதியை வரைவாக வெளியிட்டால் பொதுமக்கள் கருத்துக்கு ஒரு கெடு தருவது வழக்கம். அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து, எந்தப் பிரிவைப் பற்றி எழுதுகிறீர்களோ அதன் எண்ணைக் குறிப்பிட்டு, என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பகுதியில் நீங்களே பார்த்ததைச் சேருங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் பிரதியெடுத்து அனுப்புவதைவிட, தனித்தனியாக எழுதிய பத்துக் கடிதங்களைத்தான் அதிகாரிகள் ஊன்றிப் படிக்கிறார்கள். பிள்ளைகள் எழுதினால் அவர்களின் வயதைப் போடச் சொல்லுங்கள், முகவரியையும் பள்ளியின் பெயரையும் விட்டுவிடலாம். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இறுதி விதி வெளியாகும்போது, நீங்கள் கேட்டதில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒப்பிட அது வேண்டியிருக்கும்.